கல்யாண நகை என்று நான் சொன்ன பொய்

"இதக் கழத்து" என்று ஜெசிந்தா அக்கா இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

ஷார்ஜாவில் ஒரு கண்காட்சி மண்டபம். வெள்ளிக்கிழமை. கதவு திறக்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசியைக் குறைக்கக்கூடிய அளவுக்குக் குறைத்து வைத்திருந்தோம். காரணம், அக்கா தடித்த கம்பளித் துணியில் தலை முதல் கால் வரை சுற்றப்பட்டிருந்தார். கழுத்தில் முறுக்கிய வெண்கல வளையம். நெஞ்சின் குறுக்கே இரண்டு பெரிய ஊசிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகச் சங்கிலி. இரு மணிக்கட்டிலும் கட்டை விரல் பருமனுக்கு ஒரு காப்பு.

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று நர்ஸுகள், சொல்வதற்கு முன்பே கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். போர்வீரன் உடையில் இருந்த முருகேசன் தன் ஈட்டியைச் சுவரோடு சாய்த்துவிட்டு, அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பத்தடி தள்ளி நின்றான்.

"ஏல அந்தோணி, ஒன்னத்தான் சொல்லுதேன். கழத்துதியா, நானே பிச்சுப் போடட்டா?"

அவருடைய கோபத்துக்குக் காரணம் எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு படம். மண்ணுக்குள் நீட்டிப் படுத்த எலும்புக்கூடு. அதன் மணிக்கட்டு எலும்புகளில் அதே காப்பு, கழுத்தில் அதே வளையம், நெஞ்சில் அதே சங்கிலி. மேலே ஆங்கிலத்திலும் அரபியிலும் தெளிவாக எழுதியிருந்தது: கல்லறை எண் நாற்பத்தொன்று, பெண்.

அந்த அட்டையை முந்தைய நாள் ரசமட்டம் வைத்து, இம்மி பிசகாமல் ஒட்டியவன் நான்தான்.

கண்ணாடிப் பெட்டிக்காரன்

சென்ற வாரம் நான் எழுதிய கார் கண்காட்சிக் கதையைப் படித்துவிட்டு, "உமக்கு வாய் எவ்வளவு நீளம்னு ஊருக்கே தெரியணுமா?" என்று என் மனைவி கேட்டாள். இந்த வாரம் படித்தால் என்ன சொல்லப்போகிறாளோ.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன். ஐடிஐ முடித்துவிட்டு ஷார்ஜாவுக்கு வந்து, கண்காட்சிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி, தாங்கி, விளக்கு போட்டுக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். தங்க நகை, ஷாம்பூ, குளிர்சாதனப் பெட்டி, பேரீச்சம்பழம் என்று எதை வேண்டுமானாலும் கோவில் விக்கிரகம் மாதிரி நிறுத்திக் காட்டுவோம். உள்ளே இருப்பது என்னவென்று கேட்பது எங்கள் வேலை இல்லை.

கேட்க வைத்தவர் ரூதா மேடம்.

ரூதாவின் பெட்டிகள்

ரூதா லித்துவேனியாக்காரர், தொல்லியல் ஆய்வாளர். ஐம்பது வயதிருக்கும். ஆறடி உயரம். நாங்கள் கொடுத்த பால் கலக்காத சுலைமானி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு "இன்னொன்று" என்பார். அவருடைய மரப்பெட்டிகளை நான் திறந்தபோது என் தலைக்கு மேல் குனிந்து நின்று, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் மாமியாரைப்போல் பதறினார்.

பெட்டிகளில் இருந்தது பால்டிக் கடலோரத்தில் வாழ்ந்த பழைய பால்ட்டு மக்களின் பொருள்கள். இன்றைய லித்துவேனியர்களும் லாத்வியர்களும் அவர்கள் வழி வந்தவர்கள். கோட்டை மேடுகளில் காவல் இருந்தார்கள், காட்டைத் திருத்தி ரை தானியம் விதைத்தார்கள், குதிரையைக் கொண்டாடினார்கள், குதிரைக்குக்கூடக் கல்லறை வெட்டினார்கள். கல்லில் எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. ஆகவே அவர்களைப் பற்றிய சேதியெல்லாம் மண்ணுக்குள்தான்.

"இதையெல்லாம் ஏன் மேடம் இங்கே கொண்டு வந்தீர்கள்? இங்கே யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா?

அவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். அரபி எழுத்து பொறித்த பழைய வெள்ளிக் காசுகள். அவருடைய ஊர் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்துக் காசு கைமாறிக் கைமாறி அந்தப் பனிக்காட்டுக்குப் போயிருக்கிறது. "காசு அங்கே வந்தது. நாங்கள் பதிலுக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டாமா?" என்றார்.

பிறகு மரப்பிசின் உறைந்து கல்லான மஞ்சள் அம்பர் மணி ஒன்றை எடுத்துத் துணியில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். பூசையில் போடும் சாம்பிராணி லேசாக மணத்தது. இங்கே அரபிப் பெரியவர்கள் கையில் உருட்டும் ஜெபமாலை மணிகளில் உசத்தியானது அம்பர் மணிதான். மண்டபப் பொறுப்பாளர் தன் மாலையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்று முழுவதும் ரூதாவை "உஸ்தாதா", அதாவது பேராசிரியர் அம்மா, என்றுதான் கூப்பிட்டார்.

ஆனால் ரூதாவின் திட்டமே வேறு. கண்ணாடிக்குப் பின்னால் பொருளை வைத்துவிட்டு, தள்ளி நின்று பார் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. அச்சு அசலாகச் செய்த நகல் நகைகளும், கையால் நெய்த உடைகளும் தனியாக வந்திருந்தன. அவற்றை அணிந்த மனிதர்கள் மக்களோடு பேச வேண்டும். மக்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய நாட்டில் கோடையில் அப்படித்தான் செய்வார்களாம்.

உடை வந்துவிட்டது. உடுத்த வேண்டிய ஆட்கள் வரவில்லை. விசா காகிதம் எங்கேயோ ஒரு மேசையில் மாட்டிக்கொண்டது. தினமும் "புக்ரா" என்றார்கள். நாளை என்று அர்த்தம். கல்ஃபில் இருந்தவர்களுக்கு அந்த நாளையின் நீளம் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை, கண்காட்சியைத் தங்கள் ஊருக்கு அழைப்பதா என்று முடிவு செய்ய மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் பெட்டிகள் ஷார்ஜாவிலிருந்தே வீடு திரும்பும். ரூதா இந்தப் பயணத்துக்காகத் தன் மேலதிகாரிகளோடு ஐந்தாறு வருஷம் மல்லுக்கட்டியவர். இரண்டாவது முறை அனுப்ப மாட்டார்கள் என்பதை அவரே சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஆள்தானே மேடம்? நான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ரோலாவில் ஆள் பிடித்தது

ஷார்ஜாவின் ரோலா சதுக்கத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றால் நம் ஊர்க்காரர்களைத் தேட வேண்டியதில்லை. அவர்களே மேலே வந்து மோதுவார்கள். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் வாசலில், சமோசாக் கடையில், மர நிழலில் என்று நாலு மாவட்டமும் அங்கேதான்.

ஜெசிந்தா அக்கா எங்கள் பக்கத்து ஊர். பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷ சர்வீஸ். தமிழ்ப் பூசையில் முதல் பெஞ்சு. அவர் சரி என்றால் மற்ற நர்ஸுகள் கேள்வி கேட்காமல் பின்னால் வருவார்கள்.

"என்ன வேசம்ல?" என்று கேட்டார்.

"ராணி மாதிரி வேசம்க்கா. வெண்கல நகை, சங்கிலி, காப்பு..."

"யாரு போட்ட நகை?"

அந்த இடத்தில் நான் ஒரு நொடி தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை. "அந்த நாட்டுப் பொம்பளைங்க கல்யாணத்துக்குப் போடுற நகைக்கா. நகல்தான். புத்தம் புதுசு" என்றேன்.

புத்தம் புதுசு என்பது உண்மை. கல்யாணம் என்பது என் சொந்தச் சரக்கு. கல்லறை என்று சொன்னால் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் செத்தவர் உடம்பில் இருந்த நகையை உருக்கிப் புதுசாக அடிக்காமல் அடுத்தவர் போடுவதில்லை. உருக்கினாலும் முதலில் கோவிலுக்கு ஒரு நடை போய் வருவார்கள்.

புதுக்கோட்டை முருகேசன் ஸ்காஃபோல்டிங் வேலை பார்த்தவன். தோள் அகலத்தைப் பார்த்துப் பிடித்தேன். அவனிடம் ஈட்டி என்று மட்டும் சொன்னேன். அதுவே போதுமாக இருந்தது. ஒத்திகை நாளில் நேரம் மிச்சமாகும் என்று அவன் தன் தொழிலாளர் கேம்பிலேயே உடுத்திக்கொண்டு ஈட்டியோடு பஸ் ஏறப் போய், டிரைவர் "மாஃபி, மாஃபி!", முடியாது முடியாது என்று கதவைச் சாத்திவிட, முழு வேஷத்தில் ரோலா வரை டாக்ஸி பிடித்து வந்தான். டாக்ஸிக்காரப் பட்டான் அவனை வணங்காத குறையாக இறக்கிவிட்டார்.

ஒத்திகை ரோலாவில், நர்ஸுகளின் விடுதி ஹாலில் நடந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த விடுதியில் கேட்டதில்லை. கழுத்து வளையத்தை ஸ்டெல்லா என்கிற சின்ன நர்ஸு காலில் மாட்டித் தண்டை என்றாள். நெற்றியில் கட்டும் வெண்கலச் சுருள் பட்டையை இன்னொருத்தி இடுப்பில் வைத்து ஒட்டியாணம் என்று அளந்து பார்த்தாள். ரூதா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜெசிந்தா அக்கா காப்பைப் போட்டுக்கொண்டார். இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. "எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு பாத்தியா" என்று எல்லாருக்கும் காட்டினார்.

நானும் சிரித்தேன். காப்பை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம்

"அளவு சரியா இருந்துச்சே, யாரு அளவுல இது?" என்று அக்கா இப்போது மண்டபத்தில் கேட்டார். அவர் விரல் எலும்புக்கூட்டைக் காட்டியது. "இவ அளவா?"

"ஆமாக்கா."

"கல்யாண நகைன்னியே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பொய் சொன்னேன்க்கா."

"கோவில்ல தெனம் பாக்குற மூஞ்சிட்ட, கண்ணப் பாத்துப் பொய் சொல்லியிருக்க." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

முருகேசன் தூரத்திலிருந்தே கேட்டான். "அண்ணே, அப்ப இந்த ஈட்டி?"

"அதுவும்தான்."

"சோலி முடிஞ்சிச்சு. தலை முழுகாம நான் ரூமுக்குள்ள போகமாட்டேன்" என்று பெல்ட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

ரூதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கழற்றி வைக்கப்பட்ட நகைக் குவியல் எந்த மொழியிலும் ஒன்றுதான். என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா அக்காவே ஆங்கிலத்தில் நேரடியாகச் சொன்னார். இறந்தவளின் நகை என்று எங்களுக்குத் தெரியாது. இவன் மறைத்துவிட்டான். மன்னிக்கவும், நாங்கள் போகிறோம்.

ரூதா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை கெஞ்சாமல், அக்காவின் வலது கைக் காப்பைத் தானே மெல்லத் திருகிக் கழற்றினார். "நீங்கள் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். எனக்கு இவளைப் பற்றிப் பேச ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

அக்கா இடது கையை நீட்டவில்லை.

"இவ பேரு என்ன?"

"தெரியாது. நாற்பத்தொன்று என்றுதான் கூப்பிடுகிறோம்."

"வயசு?"

"முப்பதுக்கு மேல். நாற்பது இருக்காது."

"எதுனால செத்தா?"

"தெரியவில்லை. எலும்பில் காயம் இல்லை. காய்ச்சலாக இருக்கலாம்."

"ஞானஸ்நானம் வாங்கினவளா?"

"இல்லை. அந்தச் சேதியே அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை."

"பாவம், அதுக்கு அவ என்ன செய்வா" என்று அக்கா தமிழில் சொல்லிக்கொண்டார். பிறகு மீண்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வார்டில் புது பேஷண்ட்டைப் பார்க்கும் பார்வை அது. காலிலிருந்து தலைவரை, நிதானமாக.

ஊர்க்காரி

"எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு முறை இருக்கு" என்றார் அக்கா, நிமிர்ந்து. "பேஷண்ட் மேல எதச் செய்யணும்னாலும் சம்மதக் கையெழுத்து வேணும். பேஷண்ட்டால போட முடியாட்டா சொந்தக்காரங்க போடணும். இவளுக்குச் சொந்தம் யாரு?"

ரூதா விழித்தார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நான் எப்படிச் சொந்தக்காரி என்று உரிமை கொண்டாட முடியும் என்றார். அது ஆராய்ச்சிக்காரரின் பதில். நிரூபிக்க முடியாததைச் சொல்ல மாட்டார். என்னிடம் கேட்டிருந்தால், சொந்தச் சித்தி மகள் என்று அடித்திருப்பேன்.

"எந்த ஊரு இவ? எங்க கெடந்தா?"

"என் அம்மாவின் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். ஆற்றங்கரையில். சின்ன வயதில் அந்த மேட்டில்தான் பனிச்சறுக்கு விளையாடினோம்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்ப ஊர்க்காரி" என்றார். "கல்ஃப்ல அது போதும்."

கல்ஃபில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒருவன் இறந்துபோனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அண்ணனோ அப்பாவோ அல்ல. அவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். ஓடுவது ஊர்க்காரன்தான். போலீஸ், கஃபீல் என்கிற ஸ்பான்சர் முதலாளி, தூதரகம் என்று அலைந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பது அவன்தான். பிணவறை வாசலில் அப்படி நின்ற எத்தனையோ பேரை ஜெசிந்தா அக்கா பார்த்தவர். உடம்பிலிருந்து மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றி, பொட்டலம் கட்டி, அவர்கள் கையில் கொடுத்தவர்.

பார்வையாளர் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்தார். ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரி நடையில், மளமளவென்று எழுதினார். கல்லறை நாற்பத்தொன்றில் இருக்கும் பெண்ணின் நகைகளின் நகலை ஸ்டாஃப் நர்ஸ் ஜெசிந்தா அணிந்து, அவளைப் பற்றி மரியாதையோடு பேசச் சம்மதிக்கிறேன். கீழே பெயர், உறவு, கையெழுத்து.

ரூதா உறவு என்ற இடத்தில் "ஊர்க்காரி" என்பதை அவருடைய மொழியில் எழுதினார். கையெழுத்துப் போடும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஏசி குளிர் என்றார். நம்பிவிட்டோம்.

"எனக்கும் ஒரு தாளு எழுதுங்கக்கா" என்றான் முருகேசன். "ஈட்டிக்காரரும் அந்த மேடம் ஊருதானே? எழுதிக் கொடுத்தா சரிதான். ஆனா தலை முழுகுறது முழுகுறதுதான்."

மற்ற நாலு பேருக்கும் தாள் எழுதுவதற்குள் மண்டபப் பொறுப்பாளர் "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

அக்கா கொடுத்த ஓவர்

டியூட்டி மாறும்போது ஒரு நர்ஸு அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைத்துச் சொல்வதை ஓவர் கொடுப்பது என்பார்கள். அப்போதுதான் ரூதா கையில் கொடுத்த நாலு பக்கப் பேச்சை அக்கா ஒருமுறை ஓட்டமாகப் படித்து, மடித்து வைத்துவிட்டு, கூடியிருந்த கூட்டத்துக்கு ஓவர் கொடுத்தார். ஆங்கிலம், இந்தி, மலையாளம், தேவைப்பட்ட இடத்தில் ஆஸ்பத்திரி அரபி.

பேஷண்ட் பெண், முப்பது சொச்சம். கீழ்வரிசையில் இடது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. வலது பக்கப் பல் தேய்ந்திருக்கிறது. வருஷக்கணக்காக ஒரே பக்கமாக மென்றிருக்கிறாள். பல்வலியோடுதான் வீட்டு வேலை பார்த்திருக்கிறாள்.

கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் தாடையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பிலிப்பினோ அம்மாள் கணவரைப் பார்த்து "கேட்டீர்களா?" என்பதுபோல் தலையாட்டினார்.

அசல் காப்பின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அப்படியென்றால் பெட்டிக்குள் பூட்டி வைத்த நகை இல்லை, நாள்தோறும் போட்டுப் புழங்கியது. உடை கம்பளி என்று எப்படித் தெரியும்? வெண்கலத்தில் ஏறிய பச்சைக் களிம்பு, தன்னோடு ஒட்டியிருந்த துணியைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு மக்கவிடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. "களிம்புன்னு தேச்சிக் கழுவியிருந்தா போச்சு" என்றார் அக்கா. பாத்திரம் தேய்க்கும் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ரூதா ஒரு தூணோடு ஒட்டி நின்று கேட்டார். "அந்தப் பல்லைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். வலித்திருக்கும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை" என்று என்னிடம் சொன்னார்.

மதியத்துக்குள் வாசலில் வரிசை நின்றது. ஓர் அரபி அம்மாள் காப்பைப் போட்டுப் பார்க்கக் கேட்டார். அக்கா முதலில், இது ஓர் இறந்த பெண்ணின் அளவு, தெரிந்துதானே போடுகிறீர்கள் என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே மாட்டிவிட்டார். பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முருகேசனோடு படம் எடுத்துக்கொள்ளத் தனி வரிசை. மஸ்கட்காரரும் தோஹாக்காரரும் அந்தக் கூட்டத்தில் மிதிபட்டு வெளியே வந்து, பெட்டிகள் எந்தத் தேதிக்கு வரும் என்பதை மட்டும் கேட்டார்கள். ரூதா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஆறடி என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே விழுந்து டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

சாயங்காலம் முருகேசனின் கேம்பிலிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. நாற்பது ஐம்பது பேர். எல்லாம் தமிழ்நாடு. தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளிக்கிழமைச் சட்டை போட்டு, முருகேசன் ராஜாவாகிவிட்டானாமே என்று பார்க்க வந்தவர்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கு நீ ஓவர் குடு" என்றார். காலைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "என் பக்கத்துல நின்னு குடு. நான் கேப்பேன்."

நான் கண்ணாடிப் பெட்டியருகே போய் நின்றேன். கல்யாணம், ராணி, அரண்மனை என்று எத்தனையோ வார்த்தைகள் வாசல் வரை வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"அண்ணன்மாரே, மொதல்லயே சொல்லிருதேன்" என்றேன். "இது செத்துப்போன ஒரு பொம்பளையோட நகை மாதிரியே செஞ்சது. அந்தக்கா போட்டிருக்கதும் அவ அளவுதான். பிடிக்காதவங்க இப்பமே வெளிய போயிரலாம். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

ஒருவரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் அக்கா அசையாமல் நின்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி அதட்டினார். "ஏப்பா, முன்னாடி நிக்கிறவங்க உக்காருங்கப்பா. எங்களுக்கு அந்தப் புள்ள முகம் தெரியல."

முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.